அம்மா சொன்ன வரியை எங்கே போடுவது?

மதிப்புக்குரிய உளவளத்துணையாளர் ஐயாவுக்கு,

எனக்கு மனநோய் ஒன்றும் இல்லை. ஒரு தீர்ப்புத்தான் வேண்டும். எங்கள் வீட்டில் தீர்ப்புச் சொல்லி வந்தவர் அப்பா. அவரைப் பற்றியதுதான் இப்போது வழக்கே.

அப்பா எழுபத்தொரு வயதில் காலமானார். நீர்ப்பாசனப் பொறியியலாளர். பேராதனையில் படித்துவிட்டு வந்து, வேலைக்காலத்தின் பெரும்பகுதியைத் திருகோணமலை மாவட்டத்துக் குளங்களோடும் வாய்க்கால்களோடும் கழித்தவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கே அவருக்கு ஒரு கல்வெட்டு, அதாவது நினைவுப் புத்தகம், வெளியிட்டிருக்க வேண்டும். தான் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் எதுவும் அச்சுக்குப் போகக் கூடாது என்று கனடாவில் இருக்கும் அண்ணா சொல்லிவிட்டார். பார்க்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. இப்போது ஆண்டுத் திவசம் நெருங்குகிறது. அச்சகத்துக்கு முற்பணம் கட்டிவிட்டேன்.

அண்ணா ஒருவழியாக அனுப்பிய வாழ்க்கைக் குறிப்பைப் படித்தால், யாரோ ஓர் அதிகாரிக்குப் பிரியாவிடை நடக்கிறது என்றுதான் நினைப்பீர்கள். பிறந்த திகதி, படித்த இடங்கள், முதல் நியமனம், தரம் உயர்ந்த ஆண்டுகள், ஓய்வு. அப்பா எப்போது எந்தப் பதவிக்கு வந்தார் என்பது அண்ணாவுக்கு மனப்பாடம். எந்தப் பறவையின் சத்தம் கேட்டால் சைக்கிளை நிறுத்துவார் என்பது தெரியாது. கொழும்பில் இருக்கும் தம்பிக்கு எழுத்தே வேண்டாமாம், வண்ணப்படம் போட்டால் போதுமாம். சித்தப்பா, அப்பா இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா எழுதித் தந்திருக்கிறார். அதில் மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது என்று எங்கள் பாடசாலைத் தமிழாசிரியர் சொல்கிறார். அதை அச்சிடுவதா வேண்டாமா என்பதையும் சொல்லுங்கள்.

அப்பாவை அறிந்தவள் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் வெளியே போகும் நாள். கன்னியாவுக்குப் போனால் மற்றப் பிள்ளைகள் குளிப்பார்கள். நாங்கள் ஏழு கிணற்றிலும் வெப்பமானியை விட்டு, எது எவ்வளவு சூடு என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் வாளியைத் தொடலாம். பிரெட்றிக் கோட்டைக்குள் மான் பார்க்கப் போனால் எத்தனை ஆண், எத்தனை குட்டி என்று எண்ண வேண்டும். குச்சவெளிப் பக்கம் உப்பங்கழியில் கூழைக்கடாப் பறவைகள் இறங்கும் நாட்களில் அப்பா பேசவே மாட்டார். கையை மட்டும் நீட்டிக் காட்டுவார். அம்மா விடிய நான்கு மணிக்கு எழுந்து புட்டு அவித்து வாழையிலையில் கட்டித் தருவார். அதை ஏதாவது ஒரு குளக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்தப் புட்டின் சுவை இன்றைக்கும் வாயில் இருக்கிறது.

குளக்கட்டைப் பார்க்க அப்பாதான் எனக்குக் கற்றுத் தந்தார். மண்ணால் கட்டிய எந்தக் கட்டும் கசியும் என்பார். கட்டின் வெளிப்புற அடியில் நடந்துபோய்க் கசிகிற தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பார். தெளிவாக இருந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் உள்ளே மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், அன்றைக்கு நித்திரை இல்லை. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தபோது அப்பா வேறு குளத்துக்குப் பொறுப்பாக இருந்தார். ஆனாலும் செய்தி கேட்டவுடன் போனவர் பல நாட்கள் வீட்டுக்கு வரவில்லை. எனக்கு அப்போது ஐந்து வயது. தம்பி கைக்குழந்தை. அப்பா திரும்பி வந்தபோது காற்சட்டையில் காய்ந்திருந்த சேற்றைத் துவைத்து எடுக்க முடியாமல் அம்மா அதை எரித்தது மட்டும் நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகு மழை இரவுகளில் அப்பா தூங்கியதில்லை. இதெல்லாம் அண்ணாவின் குறிப்பில் எங்கே?

1990இல் சண்டை மூண்டு ஊரே வெளியேறியபோது, மிகுதித் தண்ணீரை வெளியேற்றும் வான் கதவுகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அப்பா குளத்திலேயே நின்றுவிட்டார். அம்மா எங்கள் மூவரையும் அப்பம்மாவையும் கூட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனார். இப்படிப்பட்ட மனிதரைப் பற்றி ‘கடமையுணர்வு மிக்கவர்’ என்று இரண்டு சொல்லில் முடித்திருக்கிறார் அண்ணா.

நான் எழுதிய பகுதிக்கு ‘குடும்பத்தையும் காட்டையும் நேசித்தவர்’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். அண்ணாவுக்கு அதுவும் பிடிக்கவில்லை. ‘காடு’ என்றால் சனங்கள் என்ன நினைப்பார்கள் என்கிறார். சனங்கள்! எங்கள் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்ட அலுவலக நண்பர்களில் பாதிப்பேர் செத்தவீட்டுக்கே வரவில்லை. என் கணவர் நல்லவர். ஆனால் ‘ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு அழுகையா’ என்று கேட்கிறார். நான் அழுவது புத்தகத்துக்கு என்று நினைக்கிறார்.

அம்மாவிடம் முறையிடவும் முடியவில்லை. அம்மா அழுதது செத்தவீட்டில் மட்டும்தான். இரண்டாம் மாதமே அப்பாவின் காட்டுச் சப்பாத்தை எடுத்துப் பக்கத்து வளவுக் காவல்காரருக்குக் கொடுத்துவிட்டார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் அயல்வீட்டு அக்காவோடு ஆட்டோ பிடித்துக் கோணேசர் கோயிலுக்குப் போகிறார். புதிதாகக் கைப்பேசி வாங்கியிருக்கிறார். நல்லதுதான், நான் ஒன்றும் சொல்லவில்லை. (எழுதி முடித்த பகுதியை ஒரு மாலை அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தார். ‘நன்றாக இருக்கிறது, பிள்ளை. நான் ஒருநாளும் புறாமலைக்குப் போனதில்லை என்பதையும் ஓரிடத்தில் போட்டுவிடு’ என்று சொல்லிவிட்டு விளக்கு வைக்கப் போய்விட்டார். வயதாகிவிட்டது, எதையோ நினைத்து எதையோ சொல்கிறார். புறாத்தீவைத்தான் நாங்கள் புறாமலை என்போம். அப்பா கடைசியாகப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போன இடம்.) அன்றிலிருந்து எனக்கு எழுத வரவில்லை. களைப்பாக இருக்கலாம். அண்ணாவோடு மல்லுக்கட்டியே சக்தி போய்விட்டது.

இன்னொன்று. அப்பா வளவில் ஒரு மழைமானி வைத்திருந்தார். தினமும் காலை எட்டரைக்கு அளந்து குறிப்புப் புத்தகத்தில் எழுதுவார். மழை இத்தனை மில்லிமீற்றர், காற்று இந்தப் பக்கம், கண்ட பறவை இது. அதில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அட்டைக்கு உள்பக்கத்தில் போட நினைத்தேன். நல்ல பக்கம் தேடி எடுப்பதே பெரும்பாடு. அப்பா வெளியூர் போன நாட்களில் அம்மா அளந்து எழுதியிருப்பார், அந்தக் கையெழுத்துக் கோணல். கடைசியில் முழுக்க அப்பாவின் எழுத்தாக இருக்கும் ஒரு பக்கம் கிடைத்துவிட்டது. அதற்கும் அண்ணா, மழைக்கணக்கை யார் பார்ப்பார்கள் என்கிறார்.

நான் கேட்பது இதுதான். பதவிகளை வரிசைப்படுத்தினால் ஒரு மனிதரின் வாழ்க்கை ஆகிவிடுமா? அப்பா எப்படி வாழ்ந்தார் என்பதைக் கூட இருந்து பார்த்த மகள் எழுதக் கூடாதா? அண்ணாவிடம் விட்டுக்கொடுப்பதா, நின்று பிடிப்பதா?

இப்படிக்கு,
பெயர் வேண்டாம்
உப்புவெளி, திருகோணமலை


அன்புள்ள சகோதரிக்கு,

தீர்ப்புக் கேட்டீர்கள், முதலிலேயே தந்துவிடுகிறேன். அண்ணாவின் குறிப்பு முன்னால் இரண்டு பக்கம் வரட்டும். உங்கள் பகுதி பின்னால் எத்தனை பக்கமானாலும் வரட்டும். தம்பியின் படங்கள் நடுவில் வரட்டும். எந்தக் கல்வெட்டும் அப்படித்தான் வருகிறது. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இதை உங்கள் அச்சகக்காரரே சொல்லியிருப்பார்.

இவ்வளவு எளிதாகத் தீர்கிற ஒன்றுக்காக ஒருவர் மாதக்கணக்கில் அழ மாட்டார். ஆகவே உங்கள் கடிதத்தை மறுபடியும் வாசித்தேன். அண்ணாவோடு பிணக்கு அந்தியேட்டி நாளிலிருந்தே இருக்கிறது என்று நீங்களே எழுதுகிறீர்கள். அந்தப் பிணக்குக்கு நடுவிலும் கன்னியாவை எழுதினீர்கள், மானை எழுதினீர்கள், உங்கள் பகுதியை முடித்தும்விட்டீர்கள். பேனா நின்றது ஒரு மாலைக்குப் பிறகு. அந்த மாலையைத்தான் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். அதற்கு வெளியே வந்தவுடன் பழியை அண்ணாவின் தலையில் வைத்துவிட்டீர்கள்.

அம்மா எதையோ நினைத்து எதையோ சொன்னதாக எழுதுகிறீர்கள். அவருக்கு மறதி என்பதற்குக் கடிதத்தில் வேறு அறிகுறி எதையும் நான் காணவில்லை. புதுக் கைப்பேசி பழகுகிறார், ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போகிறார், உங்கள் எழுத்தை ஒரு வரி விடாமல் வாசிக்கிறார். மகள் எழுதியதில் தவறு கண்டுபிடிக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்றார். விடுபட்ட ஒன்றைச் சேர்க்கச் சொன்னார், அதையும் சுருக்கமாக, பதிப்பாசிரியர் சொல்வதுபோல. இந்தக் கல்வெட்டு விவகாரத்தில் இதுவரை யாரும் இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் சித்தப்பாவையும் சேர்த்துத்தான்.

உங்கள் கடிதத்தில் அம்மா வரும் இடங்களைப் பாருங்கள். விடிய நான்கு மணிக்கு எழுந்து புட்டு அவிக்கிறார். சேற்றுத் துணியோடு போராடித் தோற்று அதை எரிக்கிறார். சண்டைக்காலத்தில் மூன்று பிள்ளைகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு புறப்படுகிறார். ஒவ்வொன்றையும் அப்பாவின் பெருமைக்குச் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். 1990இல் வான் கதவுகளுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றார், அது வீரம் என்கிறீர்கள். நானும் மறுக்கவில்லை. குளம் நிரம்பி வான் பாயும் நேரத்தில் கதவைத் திறக்க ஆள் இல்லாவிட்டால் கீழே உள்ள வயலும் ஊரும் என்ன ஆகும் என்பது 1986ஐக் கண்ட அவருக்குத் தெரியும். அதே நாட்களில் பெரியம்மா வீடு வரையிலான பாதையில் நான்கு உயிருக்குப் பொறுப்பாக இன்னொருவர் நடந்தார். அதற்கு நீங்கள் ‘போனார்’ என்ற ஒரு வினைச்சொல் கொடுத்திருக்கிறீர்கள். கடமையை அண்ணா இரண்டு சொல்லில் முடித்தார் என்பது உங்கள் வழக்கு. அம்மாவை நீங்கள் ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள்.

இதைச் சொன்னால் வலிக்கும் என்று தெரியும். ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. அண்ணாவின் கையில் பதவிகளின் பட்டியல் இருக்கிறது, உங்கள் கையில் இடங்களின் பட்டியல். இரண்டிலும் அப்பா வெளியே போகிறார். அவர் வீட்டுக்குள் நுழைந்த பிறகு எப்படிப்பட்ட மனிதர் என்பது இரண்டிலும் இல்லை. அதை அறிந்தவர் ஒருவர்தான், அவரிடம் நீங்கள் கேட்டது வாசித்துப் பார்க்கும்படி மட்டும்.

இனி, நீங்கள் எழுதாமல் விட்ட கேள்விக்கு வருகிறேன். குடும்பத்தை நேசித்தவர் என்று தலைப்பு வைத்துவிட்டீர்கள். அம்மாவின் வரியைக் கேட்டவுடன் அந்தத் தலைப்பு பொய்யோ என்று உங்களுக்குள் ஒரு நடுக்கம் வந்திருக்கிறது. அப்பா எங்களை நேசித்தார், அம்மாவை? இந்தக் கேள்வியை எழுப்பினால் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் கையைவிட்டுப் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். அதனால்தான் வயதாகிவிட்டது என்று ஒரு மூடியைப் போட்டு வைத்திருக்கிறீர்கள்.

போகாது. வெப்பமானியோடு கன்னியாவில் நின்ற அந்த மனிதர் உண்மையானவர். மூன்று பிள்ளைகளை வாரந்தோறும் வெளியே அழைத்துப்போய், ஒரு பறவையைக் காட்டுவதற்காக வாயை மூடிக்கொண்டு கையை நீட்டத் தெரிந்த தந்தை கிடைப்பது அரிது. ஆனால் ஒரு தந்தையைப் பிள்ளைகள் பார்க்கும் உயரம் வேறு, மனைவி பார்க்கும் உயரம் வேறு. உங்களுக்கு அவர் ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கு அவர் வாரம் முழுவதும், மழை இரவில் தூங்காமல் புரண்ட பக்கத்துப் பாய் உட்பட. அவர் தூங்கவில்லை என்று எழுதிய உங்களுக்கு, அம்மா தூங்கினாரா என்ற கேள்வி வரவில்லை. பிள்ளைகளுக்கு வராதுதான். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு வரலாம்.

இழப்புக்குப் பிறகு இறந்தவரை ஒரே நிறத்தில் தீட்டிக்கொள்வது மனத்தின் இயல்பு. முதல் ஆண்டில் அது ஊன்றுகோலாகவும் இருக்கும். அந்தச் சித்திரத்தில் கொஞ்சம் வேறு நிறம் விழுந்தாலும் பொறுக்க முடியாமல் போவதுதான் தொந்தரவு. அண்ணா ‘காடு’ என்ற சொல்லைத் தொட்டால் கோபம், கணவர் ஒரு கேள்வி கேட்டால் கோபம், அம்மா சப்பாத்தைக் கொடுத்தால் கோபம். எல்லோரும் சேர்ந்து அப்பாவை உங்களிடமிருந்து பறிப்பதுபோல உணர்கிறீர்கள்.

அந்தச் சப்பாத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை அன்பின்மைக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மார்கரட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷூட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1999இல் துக்கத்தைப் பற்றி ஒரு விளக்கம் முன்வைத்தார்கள். எங்கள் துறையில் இன்றுவரை பயன்படுகிறது. துக்கம் காப்பவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போகிறார் என்பார்கள். ஒரு பக்கம் இழப்பை நோக்கித் திரும்பி அழுவது, நினைப்பது, பழைய பொருளைத் தடவிப் பார்ப்பது. மறுபக்கம் அவர் இல்லாத வாழ்க்கையைக் கட்டுவது, அதாவது பில் கட்டப் பழகுவது, புதிதாக ஆட்களோடு பழகுவது, இடத்தை ஒழுங்குபடுத்துவது. ஒரே வீட்டில் இருவர் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் நிற்பது அபூர்வம். நீங்கள் குறிப்புப் புத்தகத்தோடு இந்தப் பக்கம் இருக்கிறீர்கள். அம்மா கைப்பேசியோடு அந்தப் பக்கம் இருக்கிறார். அவர் இரவில் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. காவல்காரர் அந்தச் சப்பாத்தோடு தினமும் அந்த வழியாக நடந்துபோவதை அவர் பார்க்க விரும்பினாரோ என்னவோ. பார்க்கவே விரும்பாமலும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

அம்மா வாய் திறந்தவுடன் நீங்கள் கட்டு உடையப் போகிறது என்று நினைத்துவிட்டீர்கள். அப்பா கற்றுத் தந்ததை நினைத்துப் பாருங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற ஒரு தாம்பத்தியத்தின் அடியில் சில சொட்டுக் கசிந்திருக்கிறது. அதைக் கையில் ஏந்திப் பார்க்காமலே ஓடிவிட்டீர்கள். எனக்குத் தெரிந்தவரை அது தெளிந்த தண்ணீர். வசை இல்லை, கண்ணீர் இல்லை, உன் அப்பா இப்படிப்பட்டவர் என்ற பேச்சு இல்லை. சொல்லிவிட்டு விளக்கு வைக்கப் போய்விட்டார்.

இன்னும் சொன்னால், என் காதில் அந்த வரி முறைப்பாடாக விழவில்லை. அதில் குறும்பு இருக்கிறது. கணவரின் வாழ்க்கை வரலாற்றில், அவர் போன இடங்களுக்கு நடுவே, தான் போகாத ஒரு இடத்தைச் சேர்க்கச் சொல்கிற பெண்மணிக்கு நகைச்சுவை நன்றாகத் தெரியும். உங்கள் அப்பா அதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார் என்று நான் ஊகிக்கிறேன். தவறாகவும் இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பதிலைப் படித்துவிட்டு மறுபக்கம் பாய்ந்துவிடாதீர்கள். நாளைக்கே உட்கார்ந்து ‘எங்கள் அம்மா ஒரு மெழுகுவர்த்தி’ என்று நான்கு பக்கம் எழுதிக் கல்வெட்டில் சேர்த்தால் அதுவும் அவரைப் பேசவிடாமல் செய்கிற வேலைதான். உயிரோடு இருப்பவருக்குச் சிலை வைப்பதில் நமக்கு ஒரு வசதி உண்டு, அதற்குப் பிறகு அவரிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. அப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் வேண்டாம். போர்க்காலத்தில் அந்தக் கடற்கரையில் சாதாரண மக்கள் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போக முடியாது. புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானது உண்மை. ஆனால் உங்களைப் போன்ற குடும்பங்கள் வழக்கமாகப் படகேறி அங்கே போய்வரும் நிலை போர் முடிந்த 2009க்குப் பிறகுதான் வந்தது. அதற்குள் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்திருக்கலாம், பேரப்பிள்ளைகளின் சாப்பாட்டுப் பொறுப்பு வந்திருக்கலாம், யாரும் கேட்காமல் விட்டிருக்கலாம், கேட்டபோது அவரே வேண்டாம் என்றிருக்கலாம். நானும் நீங்களும் இங்கே உட்கார்ந்து முடிவு கட்ட முடியாது.

ஆகவே போய்க் கேளுங்கள். கல்வெட்டுக்காகக் கேட்காதீர்கள். குறிப்பெடுக்கும் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ‘ஏன் அம்மா போகவில்லை?’ என்று கேட்டால் விசாரணை ஆகிவிடும். ‘நாங்கள் எல்லோரும் போன பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் உங்களை ஆச்சரியப்படுத்தலாம். வீட்டில் யாரும் இல்லாத அரை நாள் என்பது ஒரு தாய்க்கு எவ்வளவு பெரிய சொத்து என்று உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும். அவர் அந்த நேரத்தை விரும்பியே வைத்திருந்தார் என்று வந்தால், உங்கள் இத்தனை மாத நடுக்கம் என்ன ஆகும்? கசப்பு ஏதாவது வந்தால் அப்பாவுக்காக வக்காலத்து வாங்காமல் கேளுங்கள். அவருக்கு உங்கள் வக்காலத்து தேவையில்லை, பக்கம் பக்கமாக ஏற்கெனவே எழுதிவிட்டீர்கள்.

அண்ணாவுக்கும் ஒரு சொல். எந்த வயதில் அவர் வெளிநாடு போனார் என்று நீங்கள் எழுதவில்லை. சண்டைக்காலத்தில் இளைஞராகப் போன பலரைப்போல என்றால், அதற்குப் பிறகு அப்பா அவருக்குக் கடிதத்திலும் தொலைபேசியிலும் கிடைத்தவர். அப்பாவுக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது என்பது அந்தக் காலத்துக் கடிதத்தில் பெரிய செய்தி. அதை மனப்பாடமாக வைத்திருக்கிற மகனின் மனதை நீங்கள் அலட்சியமாகப் பார்க்கிறீர்கள். பறவையின் சத்தம் கடிதத்தில் வராது. அவருக்குக் கிடைத்ததை அவர் எழுதுகிறார். ‘காடு’ என்ற சொல்லை மட்டும் நின்று பிடியுங்கள், அதில் நான் உங்கள் பக்கம்.

மழைக்குறிப்புக்கு வருகிறேன். கடிதத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் அதுதான். அப்பா வெளியூரில் நின்ற நாட்களில், காலை எட்டரைக்கு, அடுப்பையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு வளவுக்குப் போய், மழைமானியைக் கண்மட்டத்துக்குத் தூக்கி அளந்து எழுதியிருக்கிறார் அம்மா. ஒரு நாள் விட்டால் மாதக் கணக்குக் கெட்டுவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதை யாரும் வற்புறுத்திச் செய்விக்க முடியாது. கணவர் கேட்டார், மனைவி செய்தார், இல்லாவிட்டால் கேட்காமலே செய்தார். உங்கள் தலைப்பு உண்மையா என்று தேடிக்கொண்டிருந்தீர்களே, அந்தத் தாம்பத்தியத்தின் எழுத்துச் சான்று உங்கள் கையிலேயே இருக்கிறது. கோணல் எழுத்து என்று தள்ளிவிட்டீர்கள். தயவுசெய்து அந்தப் பக்கத்தை மாற்றுங்கள். இருவர் கையெழுத்தும் இருக்கிற ஒரு வாரத்தைத் தேடி எடுங்கள். நல்ல மாரி மாதமாகப் பார்த்து எடுத்தால் எண்களும் பெரிதாக இருக்கும்.

அம்மா சேர்க்கச் சொன்ன வரியை அவர் சொன்ன சொற்களிலேயே சேர்க்கலாம். எங்கே என்பதை அவரிடமே கேளுங்கள். வேண்டாம், சும்மா சொன்னேன் என்று அவர் சொன்னால் விட்டுவிடுங்கள்.

நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் பக்கத்துக் கடல் அடங்கியிருக்கும். வெயில் ஏறுவதற்கு முன் முதல் படகில் போனால் கூட்டமும் குறைவு. ஏறி இறங்கும்போது முழங்காலளவு தண்ணீரில் கால் வைக்க வேண்டியிருக்கும், படகோட்டியிடம் முன்கூட்டியே சொன்னால் கைபிடித்து இறக்குவார். அம்மா வருகிறேன் என்றால் கூட்டிப்போங்கள். அன்றைக்குச் சாப்பாட்டை நீங்கள் கட்டுங்கள். அப்பா இங்கே நின்றார், அங்கே பார்த்தார் என்று வழிநெடுக விளக்கம் சொல்லாதீர்கள். அவருக்குப் பவளப்பாறையைவிட அயல்வீட்டு அக்காவின் பேச்சுப் பிடித்திருந்தால் அந்த அக்காவையும் ஏற்றிக்கொள்ளுங்கள். வரமாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம், கோணேசர் கோயிலுக்கே ஒரு வெள்ளிக்கிழமை நீங்களும் அந்த ஆட்டோவில் ஏறுங்கள்.

கணவரிடம், அழுவது புத்தகத்துக்காக இல்லை என்று ஒரு முறை நேராகச் சொல்லிவிடுங்கள். அவராகக் கண்டுபிடிப்பார் என்று காத்திருப்பது வீண். இதற்குப் பிறகும் தூக்கம் கெட்டு, வேலையில் மனம் செல்லாமல் வாரக்கணக்கில் தொடர்ந்தால் உங்கள் மாவட்டத்திலேயே உளவளத்துணையாளர்கள் இருக்கிறார்கள். நேரில் போய்ப் பேசுங்கள், கடிதத்தில் முடிகிற காரியம் இல்லை அது.

சித்தப்பாவின் வெண்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழாசிரியர் சொல்வது சரியாகவே இருக்கும். அண்ணனை இழந்த தம்பி எழுதியது, மூன்றாம் அடியில் தளை தட்டினால் தட்டிவிட்டுப் போகட்டும். அப்படியே அச்சிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் உளவளத்துணையாளர்